கடலோடும் கலத்தில் இலிதிய மின்கலம்

தெல்லிப்பழை என்றவுடன் கேட்போர் மனத்தில் தோன்றுவன துர்க்கையம்மன் கோயிலும், மகாஜனக் கல்லூரியும் யூனியன் கல்லூரியும், செம்மண் தோட்டங்களும், அத்தோட்டங்களுக்கு நீர் தரும் கிணறுகளுமே ஆகும். கடலை அவ்வூரோடு சேர்த்து நினைப்பவர் சிலரே. ஆயினும் தெல்லிப்பழைப் பிரதேச செயலகப் பிரிவாகிய வலிகாமம் வடக்கின் வட எல்லை கடலேயாகும். காங்கேசன்துறைத் துறைமுகம் அதனுள் அடங்கும். மயிலிட்டி மீன்பிடித் துறைமுகமும் அதனுள் அடங்கும். 1990இல் போரினால் மக்கள் விட்டகன்ற மயிலிட்டித் துறை 27 ஆண்டுகள் கழிந்து, 2017 ஜூலை மாதத்திலேதான் மீண்டும் அவர்கள் கைக்கு வந்தது. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிச் சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. நெடுங்காலம் மூடிக் கிடந்த கடல் மெல்ல மெல்லத் திறந்துவரும் இக்கரையில், கடலோடும் கலங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமானதே.

இக்கரையினருக்கு நெடுங்கடல் ஓட்டம் புதிதன்று. தெல்லிப்பழைக்குக் கிழக்கே, அதே கரையில் உள்ள வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பல் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதனை வாங்கியவர் வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர். ‘ஸ்வாப்’ என்ற சிறிய பாய்ப்படகில் அதற்கு முன்னரே உலகைச் சுற்றி வந்தவர். வல்வெட்டித்துறை மாலுமிகளே அக்கப்பலை அத்தனை தொலைவு செலுத்திச் சென்றனர். காற்றையும் விண்மீனையும் திசையறி கருவியையும் நம்பிச் சென்ற காலம் அது.

இன்று நிலைமை வேறு. மயிலிட்டியிலிருந்து இரவில் புறப்படும் ஒரு பலநாட் கலத்தில் வழிவிளக்குகள் உண்டு, ஆழமானி உண்டு, வானொலித் தொடர்புக் கருவி உண்டு, இடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் உண்டு. இவை யாவும் மின்சாரத்தையே உண்டு வாழ்வன. இவற்றுள் இறுதியாகச் சொன்ன கருவி பாக்கு நீரிணையில் பெறும் முக்கியத்துவம் வேறு கடல்களில் பெறும் முக்கியத்துவத்தினும் பெரிது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே 1974, 1976ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட உடன்படிக்கைகளால் கடலில் ஓர் எல்லைக்கோடு வகுக்கப்பட்டது. அக்கோடு நீர்மேல் எழுதப்பட்டதன்று, கண்ணுக்குத் தெரிவதுமன்று. தண்டையலுக்கு அது தெரிவது கருவியின் திரையில் மாத்திரமே. எல்லை தாண்டியதாகக் கைதாகி, படகையும் வலையையும் இழந்து, அயல்நாட்டுச் சிறையில் நாட்களைக் கழித்தோர் இருகரையிலும் உளர். ஆகவே நடுநிசியில் படகின் மின்சாரம் அற்றுப்போகும்போது விளக்கு மாத்திரம் அணைவதில்லை. தான் எங்கே நிற்கின்றான் என்ற அறிவும் அவனை விட்டுப் போகின்றது. நீரோட்டமோ நின்று காத்திராது.

இம்மின்சாரத்தைச் சேமித்து வைப்பதற்கு நூறாண்டுக்கும் மேலாகப் பயன்பட்டு வந்தது ஈய மின்கலம். ஊர்வழக்கிலே ‘பற்றறி’ என்றால் பெரும்பாலும் அதுவே. அதன் இடத்தை இப்போது இலிதிய மின்கலம் மெல்லப் பிடித்து வருகின்றது. மேல்நாடுகளில் இம்மாற்றத்தைத் தம் சொந்தக் கலங்களிற் செய்து பார்த்தோருள் நெடும்பயணப் பாய்ப்படகினர் குறிப்பிடத்தக்கவர். குடும்பத்தோடு படகிலேயே மாதக்கணக்கில் வாழ்ந்து, கடல் கடந்து செல்வோர் இவர். கரையிலிருந்து மின்கம்பி வராத இடத்தில் வாழ்வோருக்குச் சேமிப்பின் அருமை நன்கு தெரியும். தீவும் ஒருவகையில் நங்கூரமிட்ட கப்பலே அன்றோ! யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள எழுவைதீவில் சூரிய ஒளியையும் காற்றையும் டீசல் எஞ்சினையும் ஒன்றாய் இணைத்து அமைத்த மின்நிலையத்திலும் இலிதிய மின்கலங்களே சேமிப்பறையாக விளங்குகின்றன. எனினும் தீவு ஆடுவதில்லை, கப்பல் ஆடும். தீவில் விளக்கணைந்தால் விடியும்வரை பொறுக்கலாம். கடலில் அது இயலாது. ஆதலின் கலத்தில் மின்கலம் பொருத்துவோன் அறிந்திருக்க வேண்டியவை மேலும் சில உண்டு.

முதலில் பழையதன் இயல்பை நோக்குவோம். ஈய மின்கலத்தை 1859இல் ஆக்கியவர் கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர். ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் சேர்ந்த எளிய அமைப்பு அது. விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், எஞ்சினைச் சுழற்றித் தொடக்குவதற்கு வேண்டிய பெருமின்னோட்டத்தைச் சில வினாடி தாராளமாகத் தரும். அதன் குறை யாதெனில், நாள்தோறும் ஆழமாக இறக்கி ஏற்றினால் விரைவில் நலிந்துவிடும். 100 அம்பியர் மணி என்று மேலே எழுதியிருந்தாலும், நீடித்து உழைக்க வேண்டுமாயின் 50க்கு மேல் எடுக்கலாகாது. எடுத்ததைத் திருப்பி ஏற்றுவதும் எளிதன்று. முக்காற்பங்கு நிறைந்த பின்னர், உணவில் வெறுப்புற்ற குழந்தைபோல அது மின்னோட்டத்தை வரவரக் குறைவாகவே ஏற்கும்.

நெடும்பயணப் பாய்ப்படகு ஒன்றின் நாட்செலவைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். குளிர்ப்பெட்டி ஒன்றுக்கே நாளொன்றுக்கு 50 அல்லது 60 அம்பியர் மணி வேண்டும். தானே சுக்கான் பிடிக்கும் கருவி, இடங்காட்டி, வானொலி, விளக்கு, நன்னீர் இறைக்கும் பம்பி எல்லாம் சேர, 12 வோல்ற்றுத் தொகுதியில் 100 முதல் 150 அம்பியர் மணி வரை நாளொன்றுக்குச் செலவாதல் இயல்பு. வெயிலற்ற இரண்டு நாட்களுக்குச் சேமிப்பு வேண்டுமாயின் 300. ஈயத்தில் அதற்கு 600 முதல் 800 அம்பியர் மணி வரை வேண்டும். அதாவது ஏறத்தாழ 200 கிலோ பாரம். இலிதியத்தில் 400 போதும். ஏறத்தாழ 50 கிலோ. இரண்டு ஆட்களின் எடையளவு பாரம் கலத்தினின்றும் இறங்கிவிடுகின்றது. கூரைமேல் 400 வாற்றுச் சூரியத் தகடுகள் இருப்பின், யாழ்ப்பாணத்து வெயில் நன்றாய் எறிக்கும் நாளில் 100 அம்பியர் மணிக்குக் குறையாமல் அவை ஈட்டித் தரும். மாரிகாலத்து முகிலில் அந்தக் கணக்குச் செல்லாது.

இலிதியம் என்பது உலோகங்களுள் மிகவும் இலேசானது. அதனைக் கொண்டு மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலங்களை ஆக்கியமைக்காக ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்ஹம், அக்கிரா யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அப்போது குடினஃப் அவர்களின் வயது 97. அவருடைய ஆய்வுகூடத்திலிருந்து 1997இல் வெளிவந்த ஒரு கட்டுரையே படகோட்டிகளுக்கு நேரடியாகப் பயன்பட்டது எனலாம். பாதி, நஞ்சுண்டசுவாமி என்னும் இருவர் அவருடன் சேர்ந்து எழுதிய அக்கட்டுரை, கோபால்ற்றுக்குப் பதிலாக இரும்பும் பொசுபேற்றும் கலந்த பொருளை நேர்முனையாகக் கொள்ளலாம் எனக் காட்டியது. இலிதியக் கலங்கள் பல வகைப்படும். கோபால்ற்று, நிக்கல் சேர்ந்தவை சிறிய இடத்தில் மிகுந்த ஆற்றலை அடக்குவன. கைத்தொலைபேசிக்கும் கணினிக்கும் அவை ஏற்றவை. ஆனால் சூடு மிகுந்தால் தம்முள் இருக்கும் ஒட்சிசனை வெளியிட்டுத் தம் தீக்குத் தாமே காற்றூதும் குணம் அவற்றுக்கு உண்டு. இரும்புப் பொசுபேற்று வகையில் ஒட்சிசன் பொசுபரசுடன் இறுகப் பிணைந்திருத்தலால் அது எளிதில் வெளிப்படுவதில்லை. ஆற்றல் சற்றுக் குறைவாயினும் படகுக்குத் தக்கது இதுவே. ‘இலிதியம்’ என்ற சொல்லை மாத்திரம் கேட்டு வாங்குவோர் இந்த வேறுபாட்டைக் கேட்டறிதல் வேண்டும்.

இரும்புப் பொசுபேற்றுக் கலம் ஒன்று 3.2 வோல்ற்று உடையது. நான்கைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ற்று, பழைய 12 வோல்ற்றுத் தொகுதிக்கு ஏறத்தாழப் பொருந்தும். இந்தப் பொருத்தமே பலரை ஏமாற்றுகின்றது. பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதிய பெட்டியை அதே இடத்தில் வைத்து, அதே கம்பியை முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணத் தோன்றும். விற்போரும் சிலர் அவ்வாறே கூறுவர். அன்று மாலையில் விளக்கு எரியும், வானொலி பேசும், எல்லாம் சரியாய் இருப்பதுபோலவே தோன்றும். கேடு பின்னர் வரும். மாற்ற வேண்டியது பெட்டியன்று. பெட்டியைச் சூழ்ந்த அமைப்பு முழுவதுமாகும்.

இதனைக் கிணற்றின் உவமையால் விளக்கலாம். தெல்லிப்பழைத் தோட்டக்காரன் தன் கிணற்றை அறிவான். சுண்ணக்கல்லின் உள்ளே மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மேல் இறைத்தால் நீர்மட்டம் தாழும். பின்னர் நீர் மெல்ல உவர்க்கத் தொடங்கும். நாவில் உப்புத் தட்டியதும் அவன் இறைப்பை நிறுத்துகின்றான். ஈய மின்கலம் அத்தகைய கிணறு. நிறைந்திருக்கையில் 12.7 வோல்ற்று, பாதியானதும் 12.2. விளக்கு மங்கும், எஞ்சின் தொடக்கி சோர்ந்து முனகும். படிப்பில்லாத மாலுமியும் அக்குறியை அறிந்துகொள்வான். இலிதிய மின்கலமோ சுவர் மறைத்த தொட்டி போன்றது. நூற்றுக்கு 80 பங்கு நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 13.3 வோல்ற்று, 30 பங்காகக் குறைந்தபோதும் 13.0. விளக்கு முதல் மணியில் எரிந்தவாறே இறுதி மணியிலும் எரியும். பிறகு ஒரே கணத்தில் இருள். ஆகையால் வோல்ற்றுமானியைப் பார்த்துச் சேமிப்பை மதிப்பிடும் பழக்கம் இங்கே உதவாது. போவதையும் வருவதையும் அம்பியர் மணியாக எண்ணிக் கழிக்கும் கணக்குமானி ஒன்று வேண்டும். அதனை எதிர்முனைக் கம்பியில் இணைப்பர். கலத்திலிருந்து ஒரு சிறு கம்பியும் அக்கணக்குமானிக்கு வெளியே தனிவழியாகச் செல்லலாகாது. சென்றால் கணக்குப் பிழைத்துவிடும்.

அந்த ‘ஒரே கணத்து இருள்’ எங்கிருந்து வருகின்றது? ஒவ்வோர் இலிதியத் தொகுதிக்குள்ளும் ‘பீ.எம்.எஸ்.’ என்று கடைகளில் வழங்கும் காவற்கருவி ஒன்று உண்டு. ஒவ்வொரு கலத்தின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அது ஓயாமற் பார்த்துக்கொண்டிருக்கும். ஏதேனும் ஒரு கலம் 3.65 வோல்ற்றுக்கு மேலேறினாலோ, 2.5க்குக் கீழிறங்கினாலோ, வெப்பம் மிகுந்தாலோ, தாங்கும் அளவுக்கு மேற்பட்ட மின்னோட்டம் சென்றாலோ அது தொகுதியைத் துண்டித்துவிடும். கலத்தைக் காப்பது அதன் கடமை. கப்பலைக் காப்பது அதன் கடமையன்று. அதைப் பற்றி அது அறியாது. நங்கூரத்தை மின்னுருளையால் இழுக்கும் நேரத்திலோ, வலை திருக்கையிற் சிக்கிய நேரத்திலோ, எதிரே பெருங்கப்பல் வரும் நேரத்திலோ, அது கருதியதைச் செய்தே தீரும். வீட்டிலே காவல் நாய் தன் எசமானையும் கடிப்பதுண்டு.

துண்டிப்பினும் கொடியது அதன் பின்விளைவு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், அதனோடு சுழலும் அல்டனேற்றர் — மூத்தோர் இன்னும் ‘டைனமோ’ என்றே அழைப்பர் — முழுவலிமையுடன் மின்னேற்றிக்கொண்டிருக்கும். அவ்வேளையில் காவற்கருவி திடீரெனத் தொகுதியைத் துண்டித்தால், பெருகி வந்த மின்னோட்டம் போக்கிடம் இன்றி நிற்கும். பாய்ந்து வரும் வெள்ளத்தின் முன் மதகை அடைத்தாற்போல, அழுத்தம் பன்மடங்கு உயரும். அல்டனேற்றரின் உள்ளிருக்கும் இருவாயிகள் கருகும். அத்தோடு நில்லாது இடங்காட்டியும் வானொலியும் ஆழமானியும் ஒன்றாக அழிந்துபோகலாம். மின்சாரம் குறைந்ததால் வந்த இருளாயின் மின்னேற்றிப் போக்கலாம். மின்சாரம் மிகுந்ததால் வந்த இருளுக்கு நடுக்கடலில் மருந்தில்லை.

அல்டனேற்றருக்கு வரும் மற்றொரு துன்பமும் உண்டு. அது ஈயத்துக்காக வகுக்கப்பட்டது. ஈயம் சிறிது நேரம் பசியோடு உண்டு, பின்னர் தானே குறைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் ஆக்கப்பட்டது. இலிதியம் நிறையும்வரை பசி தணியாதது. கொடுத்ததை எல்லாம் ஏற்கும். எனவே அல்டனேற்றர் மணிக்கணக்கில் முழுவலிமையோடு உழைக்க நேர்கின்றது. அதுவும் எஞ்சின் மெதுவாய் ஓடும்போது அதன் காற்றாடியும் மெதுவாகவே சுழலுமாதலால், சூடு போக்கப்படாமல் சுருள்கள் வெந்துபோகும். படகின் எஞ்சின் அறை ஏற்கெனவே அனல் வீசும் இடம் என்பதையும் நினைக்க வேண்டும்.

இவ்விரு துன்பங்களுக்கும் ஒரே எளிய மருந்து உண்டு. பழைய ஈய மின்கலத்தை எறிந்துவிடாதிருத்தலே அது. எஞ்சினைத் தொடக்குவதற்கு ஈயம் தன் இடத்திலேயே இருக்கட்டும். அல்டனேற்றர் அதனோடு மாத்திரம் இணைந்திருக்கட்டும். அங்கிருந்து இலிதியத் தொகுதிக்கு நேரோட்ட மாற்றி என்னும் ஒரு கருவியின் வழியே, 30 அம்பியர் அல்லது 40 அம்பியர் என்று அளந்து மின்னோட்டம் செல்லட்டும். அல்டனேற்றரின் பாரம் அளவோடு நிற்கும். காவற்கருவி இலிதியத்தைத் துண்டித்தாலும் அல்டனேற்றருக்கு ஈயம் துணையிருக்கும், அழுத்தம் உயராது. வேறு வழியும் உண்டு. வெப்பத்தை அறிந்து உற்பத்தியைக் குறைக்கும் புறச்சீராக்கியை அல்டனேற்றருக்கு இணைத்து, துண்டிக்குமுன் அதனை நிறுத்துமாறு காவற்கருவியையும் அதனோடு தொடுத்துவிடலாம். அது வேகமாக மின்னேற்றும். ஆனால் செலவும் நுட்பமும் மிகுதி. சிறு படகுக்கு முதல் வழியே போதுமானது. இரண்டையும் நேரே ஒன்றாக இணைத்து வைப்பது மாத்திரம் ஆகாது. மின்னேற்ற அளவுகளும் இயல்புகளும் வேறானவை ஆதலின், ஒன்றை நிறைவிக்கும் அளவு மற்றதைக் கெடுக்கும்.

துண்டிப்பதற்கு முன்னர் எச்சரிக்கை வேண்டும் என்பதை வற்புறுத்த வேண்டியிருக்கின்றது. அமெரிக்கப் படகு, யாட் மன்றம் 2022இல் இலிதிய மின்கலங்களுக்கென வெளியிட்ட ஈ-13 என்னும் தரவிதி, காவற்கருவி துண்டிக்கும் நிலையை நெருங்கும்போது மாலுமிக்கு அறிகுறி தரவேண்டும் என்கின்றது. ஊளையிடும் ஒரு சிறு மணி சுக்கானருகே இருந்தால் போதும். நூற்றுக்கு 20 பங்கு எஞ்சியிருக்கையில் அது ஒலித்தால் குளிர்ப்பெட்டியை நிறுத்தலாம், எஞ்சினைத் தொடக்கலாம். அதனோடு வானொலிக்கும் இடங்காட்டிக்கும் வழிவிளக்குக்கும் ஈய மின்கலத்திலிருந்து மாற்றுவழி ஒன்றை ஓர் ஆளியினால் அமைத்து வைப்பது நலம். மின்னேற்றும் வழியையும் செலவு வழியையும் வேறாகப் பிரித்து, மிகை மின்னேற்றத்தின்போது முன்னது மாத்திரம் துண்டிக்கப்படுமாறு செய்வதும் நல்லோர் கைக்கொள்ளும் முறை. இல்லையெனில் உச்சிவெயிலில் சூரியத் தகடு அதிகம் தந்த குற்றத்துக்காகக் கப்பல் முழுவதும் இருண்டுவிடும்.

சூரியத் தகட்டின் சீராக்கியையும் இதற்கேற்பத் திருத்த வேண்டும். ஈயத்தின் தகடுகளைத் துலக்குவதற்காக இடையிடையே 15 வோல்ற்றுக்கு மேல் ஏற்றும் ஏற்பாடு பல சீராக்கிகளில் உண்டு. அதனை அடியோடு நிறுத்திவிடல் வேண்டும். 14.2 அல்லது 14.4 வோல்ற்று இலிதியத்துக்கு வயிறு நிறைந்த அளவு.

இனி உருகியைப் பற்றி. பியூஸ்தானே என்று இதனை அலட்சியம் செய்வோர் உளர். இலிதியத் தொகுதியின் உள்தடை மிகவும் குறைவு. இரு முனைகளும் ஒரு திருகுசாவியால் தற்செயலாய்த் தொட்டுக்கொண்டால் ஆயிரக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் பாயும். இரும்பு உருகி ஓடும். சாதாரண உருகி அறுந்தாலும், அறுந்த இடைவெளியில் தீப்பொறி பாலமாகி மின்னோட்டம் தொடர்ந்து செல்லும். ஆதலால் பெருமின்னோட்டத்தையும் அறுக்க வல்ல ‘ரீ’ வகுப்பு உருகியையே தொகுதிக்கு இடுவர். அது 20,000 அம்பியர் வரை அறுக்க வல்லது. நேர்முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள், அதாவது ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில், அது இருக்க வேண்டும். உருகிக்கும் முனைக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் எதுவும் இல்லை என்பதே காரணம். உள்ளே காவற்கருவி இருக்கிறதே, உருகி எதற்கு என்று கேட்கலாம். அக்கருவியும் பழுதாகும், மூடிய நிலையிலேயே பழுதாதலும் உண்டு.

கம்பியும் தக்க பருமனுடையதாக வேண்டும். 2,000 வாற்று இன்வேட்டர் ஒன்று 12 வோல்ற்றில் 170 அம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். வீட்டிலே 230 வோல்ற்றில் 9 அம்பியரோடு பழகிய கண்ணுக்குக் கைவிரல் பருமனான செம்புக்கம்பி மிகையாகத் தோன்றும், அது மிகையன்று. கடற்காற்று செம்பைப் பச்சையாக்கி அரிப்பதால் வெள்ளீயம் பூசிய இழைகளையே கொள்ள வேண்டும். இறுக்கம் தளர்ந்த ஒரு முனை, அரிப்பேறிய ஒரு முனை, இவை சூடேறித் தீ வைப்பதற்கு இலிதியத்தின் துணை தேவையில்லை.

வைக்கும் இடம் எஞ்சின் அறையாதல் ஆகாது. மேல்நாட்டு நூல்கள் உறைகுளிரில் மின்னேற்றலாகாது என்று பக்கம் பக்கமாக எழுதும். யாழ்ப்பாணத்தான் அப்பக்கங்களைத் தள்ளிவிடலாம். அவனுக்குப் பகை வெப்பம். 45 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட இடத்தில் நாள்தோறும் மின்னேற்றப்படும் கலம் தன் ஆயுளைச் சுருக்கிக்கொள்ளும். அடிநீர் எட்டாத உயரத்தில், காற்றோட்டமான, உலர்ந்த பெட்டியொன்றில் வைத்து, கலம் கவிழுமளவு சாய்ந்தாலும் அசையாதவாறு பட்டைகளால் பிணிக்க வேண்டும். வாடைக் காற்றில் காங்கேசன்துறைக்கு வெளியே எழும் அலையைக் கண்டவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தீயைப் பற்றிய அச்சம் மக்களிடையே மிகுதி. அச்சத்துக்கு இடமுண்டு; எதற்கு அஞ்சுவது என்பதிலேதான் தெளிவு வேண்டும். 2019 ஒக்டோபர் 10ஆம் நாள் நோர்வேயில் ‘இற்றெறொய்னிங்கன்’ என்னும் வாகனத் தோணியின் மின்கல அறையில் தீ மூண்டது. பயணிகள் தப்பினர். தீ அடங்கியதாகத் தோன்றிய பின்னர், மறுநாள் அக்கலத்தில் வெடிப்பும் நிகழ்ந்தது. சூடேறிய கலங்களிலிருந்து வெளிப்படும் வாயுக்கள் எரியத்தக்கவை. மூடிய அறையிலே தேங்கினால் வெடிக்கத்தக்கவை. இதன்பின் நோர்வேயின் கடல்சார் அதிகாரிகள் விடுத்த எச்சரிக்கை கவனிக்கத்தக்கது. மின்கலத் தொகுதிக்கும் அதைக் கண்காணிக்கும் அமைப்புக்கும் இடையே தொடர்பு இல்லாத நிலையில் கப்பலைச் செலுத்தலாகாது என்பதே அது. கண்ணை மூடி வைத்த காவலன் காவலன் அல்லன் என்பது பொருள். இரும்புப் பொசுபேற்று வகைக்கு இத்தகைய ஆபத்து மற்றவற்றினும் குறைவு. அறவே இல்லை என்று கூறுவோர் விற்பனையாளர் மாத்திரமே.

முறையாக அமைத்தால் இலிதியம் கலத்தில் நன்றாக உழைக்கும் என்பதற்கு மிகத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில், வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ‘ஆதித்யா’ என்னும் தோணி 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. 75 பேர் அமரலாம். கூரையில் 20 கிலோவாற்றுச் சூரியத் தகடுகள்; உள்ளே ஏறத்தாழ 50 கிலோவாற்று மணி கொள்ளும் இலிதியத் தொகுதி. டீசல் புகையும் இரைச்சலும் இல்லாமல் மக்களை அக்கரையிலிருந்து இக்கரைக்குக் கொண்டு சேர்த்தது. காயலின் அமைதி வேறு, பாக்கு நீரிணையின் சீற்றம் வேறு என்பது உண்மையே. ஆயினும் உப்புக்காற்றும் வெப்பமும் அங்கும் உண்டு.

மயிலிட்டியிலோ காங்கேசன்துறையிலோ இவ்வேலையை மேற்கொள்ள விரும்பும் ஒரு சம்மாட்டி முதலில் எதிர்கொள்வது விலையே. ஒரே கொள்ளளவுக்கு இலிதியத்தின் விலை ஈயத்தினும் கூடியது. ஆனால் ஈயம் சில நூறு முறை ஆழமாக இறங்கி ஏறுவதற்குள் தளரும். நல்ல இரும்புப் பொசுபேற்றுக் கலம் 2,000 முறைக்கு மேல் தாங்கும். நாள்தோறும் ஆழமாகச் செலவழிப்பவனுக்கு இது இலாபம். பகலிற் போய்ப் பகலில் திரும்பும் சிறுபடகுக்கு, ஒரு விளக்கும் ஓர் இடங்காட்டியும் மாத்திரம் உள்ளதாயின், ஈயமே போதும். புதுமைக்காகப் பணத்தைக் கடலிற் கொட்ட வேண்டியதில்லை. செலவைக் குறைக்கத் தனிக்கலங்களை வாங்கித் தாமே சேர்ப்போரும் உண்டு. அவ்வாறு செய்வோர் நான்கு கலங்களையும் முதலில் பக்கமாக இணைத்து 3.65 வோல்ற்று வரை ஒன்றாய் நிறைத்து, சமநிலைப்படுத்திய பின்னரே தொடராக இணைக்க வேண்டும். வண்டிமாடுகளுள் ஒன்று களைத்ததாயின் வண்டி அதன் நடைக்கே நடக்கும். நான்கு கலங்களுள் மெலிந்த ஒன்றே முழுத்தொகுதியின் அளவையும் தீர்மானிக்கும். பழைய வாகனங்களிலிருந்து கழற்றிய கலங்களைக் கடலுக்குக் கொண்டுபோவதைத் தவிர்த்தல் நலம்.

வாடைக் காலத்தில் படகு கரையில் ஏற்றப்பட்டுக் கிடக்கும்போது ஈயத்தை நிறைய ஏற்றி வைக்க வேண்டும். இலிதியத்தைப் பாதியளவில் வைத்து, எல்லாக் கம்பிகளிலிருந்தும் பிரித்துவிட வேண்டும். காவற்கருவியே சிறிது சிறிதாக மின்னை உண்பதால், மறந்து விடப்பட்ட தொகுதி சில மாதங்களில் மீளாத அளவுக்கு வற்றிவிடக்கூடும்.

வேலை முடிந்ததும் துறைமுகத்துக்கு உள்ளேயே, கயிறு கட்டிய நிலையில் சோதித்துப் பார்ப்பது வழக்கம். எஞ்சினை ஓட்டி, ஒரு மணிநேரம் மின்னேற்றி, அல்டனேற்றரின் சூட்டை அளக்க வேண்டும். முனைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டன்றி, வெப்பமானியால் அளந்து, சூடானதை மீண்டும் முடுக்க வேண்டும். பின்னர் எஞ்சினை நிறுத்தி, எல்லா விளக்குகளையும் கருவிகளையும் எரியவிட்டு, தொகுதி வற்றும்வரை காத்திருந்து, எச்சரிக்கை மணி எந்த வேளையில் ஒலிக்கின்றது, அதன்பின் எத்தனை நிமிடத்தில் துண்டிப்பு வருகின்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். துண்டித்தவுடன், இருளில், கை தடவி மாற்றாளியைக் கண்டு திருப்பும் பயிற்சி தண்டையலுக்கு மாத்திரமன்றி, கலத்திற் செல்லும் கடைசிப் பையனுக்கும் வேண்டும். குறித்த நிமிடக் கணக்கையும், கம்பிகள் செல்லும் வழியின் படத்தையும் தமிழில் எழுதி, மின்கலப் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் ஒட்டி, அதனருகே உபரியாக ஓர் உருகியையும் கட்டி வைத்த பின்னர் கலம் துறையை விட்டுப் புறப்படலாம்.